அரை மணி நேரம் பொறுத்திருந்தால்

வாகனக் கடன் கேட்டு வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் அனைத்தும் அச்சிட்ட படிவத்திலேயே இருக்கின்றன. மாத வருமானம் என்ன, வேறு கடன் உண்டா, வண்டியின் விலை என்ன, முன்பணம் எவ்வளவு, காப்பீடு எடுத்தாயிற்றா? இருபது ஆண்டுகளாக இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, படிவத்தைப் பார்க்காமலேயே வரிசை மாறாமல் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டோம். ஆயினும் ஒரு கேள்வியை எந்தப் படிவமும் கேட்டதில்லை; நாமும் கேட்டதில்லை. "இந்த வண்டி எந்த வழியாகப் போகப் போகிறது?" என்பதே அது.

அதையும் கேட்டிருக்க வேண்டும் என்று நமக்கு உணர்த்தியது, கொங்கண் கரையில் ஒரு கழிமுகத்தைப் படகில் கடந்த தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டு, அதிலிருந்து நமக்குத் தோன்றிய கருத்துகளை வாடிக்கையாளர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மீன் லாரி ஏறிய படகு

அப்போது நாம் மகாராஷ்டிரத்தில் ஒரு கிளையில் கடன் பிரிவைக் கவனித்து வந்தோம். அந்த ஊரில் நெடுங்காலமாக அச்சகம் நடத்தி வந்த தமிழர் ஒருவர் நம் கிளையின் வாடிக்கையாளர். இரண்டு பிள்ளைகளின் படிப்பையும் முடித்து, வீட்டுக் கடனையும் அடைத்த பிறகு, ஐம்பத்திரண்டாவது வயதில் இளமைக்கால ஆசை ஒன்றை நிறைவேற்றிக்கொள்ள முன்வந்தார். இருவர் மட்டுமே அமரக்கூடிய, மூன்றாண்டு ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலை பேசியிருந்தார். வருமானக் கணக்குச் சரியாக இருந்தது. கடன் வரலாறு மாசற்றிருந்தது. முன்பணமும் தாராளமாகவே இருந்தது. கடனுக்கு ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டவர் நாமே.

சாவி கைக்கு வந்த அன்றே வண்டியைக் கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள் சார்" என்று வற்புறுத்தினார். உட்கார்ந்தபோது சாலையின் மீதே அமர்ந்தது போலிருந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோவின் சக்கரம் நம் தோளுக்கு நேராகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இறங்கினோம். கேட்க வேண்டிய கேள்வி அப்போதும் நமக்குத் தோன்றவில்லை.

மழைக்காலம் ஓய்ந்ததும் அவரும் மனைவியும் கடலோரச் சாலை வழியாகத் தெற்கே பயணம் புறப்பட்டார்கள். கொங்கண் கரையில் மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் பல இடங்களில் அகன்ற கழிமுகங்களாகக் கடலில் சேர்கின்றன. பாலம் இல்லாத இடங்களில் வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகுகள் ஓடுகின்றன. சுற்றுவழியில் போனால் பல மணி நேரம். படகிலோ சில நிமிடங்கள். அத்தகைய ஒரு துறைக்கு அவர்கள் சென்று சேர்ந்தபோது நீர் வற்றி மீண்டும் ஏறத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கற்காரை மேடையைவிடப் படகின் தளம் நன்றாகத் தாழ்ந்து கிடந்தது. மேடையிலிருந்து படகுக்கு இரும்புச் சாய்தளம் ஒன்று சரிந்து இறங்கியது.

இருசக்கர வண்டிகள் இறங்கின. ஆட்டோ ஒன்று இறங்கியது. பனிக்கட்டிப் பெட்டிகளைச் சுமந்த மீன் லாரி ஒன்றும் ஆடியசைந்து இறங்கிற்று. வரிசையில் அடுத்து நின்ற காரைப் படகுப் பணியாளர் ஒருவர் குனிந்து பார்த்தார். "அரை மணி பொறுங்கள் சாஹேப், நீர் ஏறட்டும். அடுத்த நடையில் போகலாம்" என்று மராத்தியில் சொன்னார். நம் வாடிக்கையாளர் பொறுக்கவில்லை. "மீன் லாரியே ஏறுகிறது, என் வண்டி ஏறாதா என்று நினைத்துவிட்டேன் சார்" என்று பின்னர் நம்மிடம் சொன்னார்.

முன்சக்கரங்கள் சாய்தளத்தில் இறங்கின. அடுத்த கணமே வண்டியின் அடிவயிறு மேடையின் விளிம்பில் தட்டி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான்கு பேர் பின்புறத்தைத் தூக்கித் தள்ள, அடியில் எதுவோ கீறும் ஒலியோடு வண்டி இறங்கியது. கீழே படகின் தளத்தைத் தொட்டபோது முன்பம்பரும் உரசியது. கடல்நீரில் நனைந்திருந்த தளத்தில், வண்டிக்கு அடியில் சொட்டிய எண்ணெயை எவரும் கவனிக்கவில்லை. அக்கரையில் இறங்கிச் சிறிது தொலைவு சென்றதும் எண்ணெய் அழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த ஊரில் பட்டறை இருக்கும் என்று அவர் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினார். ஊர் வருமுன்பே எஞ்சின் நின்றுவிட்டது.

ஆயில் சம்ப் கீறியதற்கும் பம்பர் உடைந்ததற்கும் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தது. எஞ்சினுக்குக் கொடுக்கவில்லை. எண்ணெய் இல்லாமல் ஓட்டியதால் விளைந்த சேதம் அது என்று சர்வேயர் எழுதினார். அவர் எழுதியதில் பிழை இல்லை என்பதைப் பாலிசியைப் படித்தபோது நாமும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எஞ்சினைச் சீர்செய்யக் கேட்ட தொகையோ, அவர் கொடுத்த முன்பணத்தைவிட அதிகம். பதினான்கு மாதங்கள் வண்டி கொட்டகையில் நின்றது. அந்தப் பதினான்கு மாதங்களும் அவர் ஒரு தவணையைக்கூடத் தவறவிடவில்லை. வராக்கடன் பட்டியலில் அவர் பெயர் ஒருநாளும் வரவில்லை. எங்கள் கணக்குப்படி அது நல்ல கடன். ஓடாத வண்டிக்காக மாதந்தோறும் பணம் கட்டுகிறவரைப் பார்த்தபோது, 'நல்ல கடன்' என்ற சொல்லைப் பற்றி நமக்கு முதன்முறையாக ஐயம் எழுந்தது.

ஒரு சிறு கணக்கு

நாம் வணிகவியல் பட்டதாரி, பொறியாளர் அல்ல. ஆயினும் அன்று நடந்தது என்ன என்பதைப் பள்ளிக்கூடக் கணிதத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' என்கிறோம். நம் நாட்டில் பரவலாக ஓடும் ஸ்விஃப்ட் காருக்கு இது 163 மில்லிமீட்டர். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 110 முதல் 130 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறைப்படி அமைந்த வேகத்தடையின் உயரமே 100 மில்லிமீட்டர். நெறிமுறையைப் பாராமல் ஊருக்கு ஊர் எழும்பும் வேகத்தடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் படகுத்துறையில் இந்த இடைவெளி மட்டும் போதாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள நீளத்தையும் பார்க்க வேண்டும். சமதரை ஒன்றும் சரிவு ஒன்றும் சேரும் முனையில் வண்டி செல்லும்போது, முன்சக்கரம் சரிவிலும் பின்சக்கரம் சமதரையிலும் நிற்கும். நடுவயிறு முனையின் மேல் வரும். சக்கர இடைவெளி 2,470 மில்லிமீட்டரும் தரை இடைவெளி 115 மில்லிமீட்டரும் உள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு தளங்களுக்கும் இடையிலான கோணம் ஏறக்குறைய 10½ பாகையைத் தாண்டினால் அதன் வயிறு தட்டும். ஏறத்தாழ அதே நீளமும் 163 மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ள சாதாரணக் கார் 15 பாகை வரை தாங்கும். உயர்ந்து நிற்கும் லாரியைப் பற்றிய கவலையே இல்லை. மீன் லாரி இறங்கியதும் ஸ்போர்ட்ஸ் கார் தட்டியதும் இதனால்தான். எடையும் ஆற்றலும் விலையும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

இனி நீரின் கணக்கு. 6 மீட்டர் நீளமுள்ள சாய்தளம். படகின் தளம் மேடையைவிட 1.3 மீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரிவு 12½ பாகை ஆகிறது. நம் வாடிக்கையாளரின் வண்டிக்கு அது மிகை. ஓதம் வற்றத்திலிருந்து ஏற்றத்தை அடைய ஏறக்குறைய ஆறு மணி நேரமாகும். இந்த ஆறு மணி நேரத்தில் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மாலுமிகள் நெடுங்காலமாகக் கையாளும் எளிய விதி ஒன்று உண்டு. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம், நான்காம் மணிகளில் மும்மூன்று, ஐந்தாம் மணியில் இரண்டு, ஆறாம் மணியில் ஒன்று என நீர் ஏறும். மொத்த ஏற்றம் 3 மீட்டர் எனில், மூன்றாம் மணியில் மட்டும் 75 சென்டிமீட்டர் உயரும். அரை மணியில் 37 சென்டிமீட்டருக்கும் மேல். அப்படியானால் 1.3 மீட்டர் தாழ்வு ஏறக்குறைய 93 சென்டிமீட்டராகக் குறைகிறது. சரிவு 9 பாகைக்கும் கீழே வந்துவிடுகிறது. வண்டி தட்டாமல் இறங்கியிருக்கும்.

அந்தப் பணியாளர் பாகைமானி வைத்து அளக்கவில்லை. ஆயினும் அவர் சொன்ன அரை மணி, கணக்கிட்டுப் பார்த்தால் சரியாகவே பொருந்துகிறது. அனுபவம் உள்ளவரின் சொல்லை அவருடைய உடையைப் பார்த்து எடைபோடும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் வட்டி சில சமயம் மிக அதிகம்.

படகுகள் பெருகுகின்றன

இது ஏதோ ஒரு கழிமுகத்தில், ஒரே ஒரு காருக்கு நேர்ந்த விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. சக்கரங்களோடு ஏறிச் சக்கரங்களோடு இறங்கும் 'ரோ-ரோ' படகுகள் நாடெங்கும் பெருகி வருகின்றன. மும்பையின் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 மார்ச்சில் இச்சேவை தொடங்கியது. சாலை வழியே ஏறக்குறைய 110 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரப் பயணம். படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். குஜராத்தில் கோகாவுக்கும் ஹஜீராவுக்கும் இடையே 2020 நவம்பரில் தொடங்கிய சேவை 370 கிலோமீட்டர் சாலைப் பயணத்தை 90 கிலோமீட்டர் கடற்பயணமாகச் சுருக்கியது. அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவேயுள்ள மாஜுலித் தீவுக்கு 2018-இல் ரோ-ரோ வசதி வந்தபோது, சரக்கு வாகனங்கள் 423 கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்த இடத்தில் 12.7 கிலோமீட்டர் நீர்வழி போதுமானதாயிற்று. கொச்சியில் கோட்டைக்கும் வைப்பினுக்கும் இடையே கொச்சிக் கப்பல் தளம் கட்டிய சேதுசாகர் படகுகள் 2018 முதல் ஓடுகின்றன.

இவற்றில் ஏறும் ஒவ்வோரிடத்திலும் நீரின் குணம் வேறு. கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 4 மீட்டரைத் தாண்டும். கோகாவுக்கு அருகிலுள்ள பாவ்நகரிலோ 10 மீட்டரையும் கடக்கும். நாட்டிலேயே மிகப் பெரிய ஓதம் காம்பே வளைகுடாவில்தான். பெரிய துறைகளில் நீரோடு சேர்ந்து மிதக்கும் மேடைகளும் நீண்ட இணைப்புப் பாலங்களும் இந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்கின்றன. சிறு துறைகளில் அந்த வசதி இருப்பதில்லை. ஒரே காரை ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம்; இன்னோரிடத்தில் பஞ்சாங்கம் பார்த்து ஏற்ற வேண்டும்.

'ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் எத்தனை பேர்? அவர்கள் கவலை நமக்கு எதற்கு?' என்று சில வாசகர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நீண்ட செடான் காரில் ஐந்து பேர் அமர்ந்து, டிக்கி நிறையப் பெட்டிகளை ஏற்றினால் அதன் இடைவெளியும் குறைகிறது. பின்னால் எரிவாயு உருளை பொருத்திய கார்களும் தாழ்கின்றன. ஸ்போர்ட்ஸ் கார் முதலில் தட்டியது; அவ்வளவே. அதைவிட முக்கியமாக, பாலிசியிலுள்ள வாசகம் தாழ்ந்த காருக்கும் உயர்ந்த காருக்கும் ஒன்றே.

பாலிசியில் இருக்கும் சொல், இல்லாத சொல்

இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கி வரும் வாகனக் காப்பீட்டின் பொது வாசகத்தில், வண்டியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லும்போது நேரும் சேதமும் அடங்கும். எந்தெந்த வழிகள் என்று அங்கே பட்டியலிடப்பட்டுள்ளது: சாலை, இரயில், உள்நாட்டு நீர்வழி, மின்தூக்கி, வான்வழி. இந்தப் பட்டியலைப் பலமுறை படித்துப் பார்த்தோம். உள்நாட்டு நீர்வழி இருக்கிறது; கடல் என்ற சொல் இல்லை. அண்டை நாடுகளுக்கும் காப்பீட்டை நீட்டிக்கும் இணைப்பு ஒன்று உண்டு. அதுவும் அந்நாடுகளுக்கு வண்டியைக் கொண்டுசெல்லும் கடற்பயணத்தின்போது நேரும் சேதத்தை வெளிப்படையாக விலக்குகிறது.

பிரம்மபுத்திராவைக் கடப்பவருக்கு ஐயமில்லை. அது உள்நாட்டு நீர்வழி. காம்பே வளைகுடாவைக் கடப்பவருக்கு? ஓதநீர் வந்து போகும் கழிமுகத்தைக் கடப்பவருக்கு? சேதம் நேர்ந்த பிறகு இந்தக் கேள்விக்கு விடை தேடுவதைவிட, பயணத்துக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் விடை பெறுவது மேல். இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் வாசகம் மாறவும் கூடும். ஆகவே உங்கள் பாலிசியை நீங்களே படியுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொன்னது கோரிக்கைப் படிவத்தில் ஏறாது.

இன்னும் மூன்று வாசகங்களை ஒவ்வொரு வாடிக்கையாளரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, விளைவுச் சேதம். விபத்தில் நேரடியாக உடைந்தது காப்பீட்டில் அடங்கும். அதைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டியதால் கூடுதலாக நேர்வது உரிமையாளரின் பொறுப்பு. நம் வாடிக்கையாளரின் எஞ்சின் இங்கேதான் சிக்கியது. சிவப்பு விளக்கு எரிந்தவுடன் வண்டியை நிறுத்தி, இழுவை வண்டியை அழைத்திருந்தால் செலவு ஆயில் சம்ப்போடு முடிந்திருக்கும். எஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனியாகக் கிடைக்கும் கூடுதல் காப்பீட்டையும் பலர் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்த எண்ணித் தவிர்த்துவிடுகிறார்கள். அதை எடுப்போரும் எவ்வகைச் சேதம் அதில் அடங்கும் என்று கேட்டு எடுப்பது நல்லது.

இரண்டாவது, உதிரிபாகத் தேய்மானம். பொது வாசகப்படி ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 விழுக்காடும், கண்ணாடியிழைப் பாகங்களுக்கு 30 விழுக்காடும் கழிக்கப்படும். சாய்தளத்தில் முதலில் உரசுவது முன்பம்பரும் அதன் கீழ் உதடும். இரண்டும் பெரும்பாலும் பிளாஸ்டிக். பூஜ்யத் தேய்மானக் காப்பீடு இல்லையெனில் பாதிச் செலவு உங்களுடையது.

மூன்றாவது, வண்டியின் காப்பீட்டு மதிப்பு. வழக்கமான அட்டவணைப்படி ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு கழியும். ஓராண்டு வரை 15. இரண்டாண்டு வரை 20. மூன்றாண்டு வரை 30. நான்காண்டு வரை 40. ஐந்தாண்டு வரை 50. ஏழாண்டுத் தவணையில் கடன் எடுத்தவர் இந்த அட்டவணையையும் தம் கடன் நிலுவை அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். சில ஆண்டுகளில் கடன் நிலுவை வண்டியின் மதிப்பைவிட மேலே நிற்கலாம். அந்த நேரத்தில் வண்டி முழுச் சேதமடைந்தால், காப்பீட்டுத் தொகை முதலில் வங்கிக்கு வரும். மீதிக் கடனை வாடிக்கையாளர் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். நீண்ட தவணை மாதச் சுமையைக் குறைக்கிறது. இந்த இடைவெளியை நீட்டிக்கிறது. வங்கிக்காரர்களாகிய நாம் முதலாவதைச் சொல்வது போல இரண்டாவதைச் சொல்வதில்லை. அது நம் குறை.

உரிமையாளர் செய்யக்கூடியவை

தாழ்வான வண்டியைப் படகில் ஏற்றவே கூடாது என்பது நம் கருத்தன்று. ஆசைப்பட்டு வாங்கிய வண்டியைக் கொட்டகையில் பூட்டி வைப்பதில் என்ன பயன்? கடற்காற்றில் அதை ஓட்டத்தான் அவர் வாங்கினார். ஆனால் சில முன்னேற்பாடுகள் வேண்டும்.

புறப்படுமுன் அந்தத் துறையின் ஓத அட்டவணையைப் பாருங்கள். துறையை அடைந்ததும் வரிசையில் நிறுத்துமுன் இறங்கி நடந்து சென்று சாய்தளத்தைக் கண்ணால் பாருங்கள். மேடையும் சாய்தளமும் சேரும் முனை ஒன்று, சாய்தளமும் படகும் சேரும் முனை இன்னொன்று. தட்டும் இடங்கள் இவ்விரண்டே. உடன் வந்தவர்களை இறக்கிவிடுங்கள். சுமை குறைந்தால் வண்டி சற்றேனும் உயரும். முன்பக்கத்தை உயர்த்தும் வசதி வண்டியில் இருந்தால் அதை இயக்குங்கள். அகலம் இருக்குமானால் நேராக இறங்காமல் சற்றே சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக இறங்குங்கள். முனையின் இருபுறமும் மரப்பலகைகளை அடுக்கச் சொல்லுங்கள். ஒரே கூர்மையான திருப்பம் இரண்டு மெல்லிய திருப்பங்களாகப் பிரியும். ஓட்டுநருக்கு வண்டியின் அடிப்பகுதி தெரியாது. ஆகவே பக்கவாட்டில் ஒருவர் குனிந்து நின்று வழிசொல்ல வேண்டும். அவர் கையைக் காட்டினால் நிறுத்துங்கள்.

படகில் ஏறியபின் எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, கியரில் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கேட்டு வாங்குங்கள். அக்கரையில் இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, அடியில் ஏதேனும் சொட்டுகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு நிமிடம் நம் வாடிக்கையாளருக்கு ஓர் எஞ்சினைக் காப்பாற்றித் தந்திருக்கும். வீடு திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுங்கள். உப்பு இரும்பை விடாது.

மற்றவர்கள் செய்ய வேண்டியவை

எல்லாப் பொறுப்பையும் உரிமையாளர் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது. ஒவ்வொரு படகுத்துறையிலும் சீட்டு கொடுக்கும் சாளரத்துக்கு அருகே ஒரு பலகை இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. இன்றைய ஓத நேரங்கள், சாய்தளத்தின் நீளம், தாழ்வான வாகனங்கள் ஏறுவதற்குத் தகுந்த நேரம் ஆகிய மூன்று செய்திகள் அதில் இருந்தால் போதும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். கூடவே நான்கு உறுதியான மரப்பலகைகள். இன்று அந்தச் செய்திகள் அனைத்தும் ஒரு பணியாளரின் மனத்தில் இருக்கின்றன. அவர் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. சொன்னாலும் அவருடைய சொல்லுக்கு அதிகாரம் இல்லை. அதே சொல் பலகையில் எழுதியிருந்தால் நம் வாடிக்கையாளர் கேட்டிருப்பார் என்றே நம்புகிறோம்.

காப்பீட்டு நிறுவனங்கள் 'கடல்வழி வாகனப் படகு' என்ற சொற்களைப் பாலிசியில் சேர்க்கலாம், அல்லது தெளிவாக விலக்கலாம். எதுவாயினும் வெளிச்சத்தில் இருக்கட்டும். சாலைக்கு மாற்றாகவே அரசு இச்சேவைகளை ஊக்குவிக்கிறது. அப்படியானால் சாலையில் கிடைக்கும் பாதுகாப்பு அங்கேயும் உண்டா என்பதை எளியவர் ஒருவர் ஒரே வாசிப்பில் அறிய முடிய வேண்டும்.

மூன்றாவதாக, வங்கியாளர்களாகிய நாம். அந்த வண்டியின் பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் பெயரோடு வங்கியின் பெயரும் ஏறியிருந்தது. அது நம் ஈட்டுப் பொருள். ஆயினும் அதைக் காகிதமாகவே பார்த்தோம். சாலையில் ஓடும் பொருளாகப் பார்க்கவில்லை. கடன், காப்பீடு, படகுச் சீட்டு என மூன்று காகிதங்கள் அவர் கையில் இருந்தன. தனித்தனியே பார்த்தால் மூன்றும் முறையானவை. மேடைக்கும் படகுக்கும் இடையிலிருந்த அந்தச் சரிவு மூன்றில் எதிலும் இல்லை. கடன் கொடுக்கும் வேளையில் ஐந்து நிமிடம் செலவிட்டு, எங்கே ஓட்டுவீர்கள், எந்தெந்தக் கூடுதல் காப்பீடு எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தால், நாமாவது அந்த இடைவெளியைக் காட்டியிருக்கலாம்.

நாம் அந்தக் கிளையிலிருந்து மாற்றலாவதற்குச் சில வாரங்களுக்கு முன், அவர் கடனை முழுவதும் அடைத்துவிட்டு வந்தார். தடையில்லாச் சான்றையும், பதிவுச் சான்றிதழிலிருந்து வங்கியின் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-ஐயும் கொடுத்தோம். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டோம். எஞ்சினைச் சீர்செய்தாயிற்று என்றார். போன மாதம் அதே துறையில், அதே படகில், மனைவியோடு கடந்ததாகவும் சொன்னார்.

"தட்டவில்லையா?"

"இல்லை சார். ஐம்பது நிமிஷம் காத்திருந்தோம். அந்தப் பெரியவர்தான் பலகை போட்டு இறக்கினார். இரண்டு தேநீர் குடித்தோம், அவ்வளவுதான்."

அன்று முதல், வாகனக் கடன் படிவத்தின் ஓரத்தில் ஒரு கேள்வியைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு கேட்டு வருகிறோம். அது அச்சில் வரும் நாளை எதிர்பார்க்கிறோம். அதுவரை, கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களே அதைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வார்களானால் மகிழ்வோம்.